வரிசையில் நிற்காத விருப்பங்கள்

சாட்சிக் கூண்டில் ஏறியவரை மடக்க வக்கீலுக்கு ஒரே ஒரு முரண் கிடைத்தால் போதும். "முதலில் சிவப்புச் சட்டை என்றீர்கள், இப்போது நீலம் என்கிறீர்கள்" என்று பிடித்துவிட்டால் மீதி வாக்குமூலமும் சேர்ந்து சரியும். நடந்த சம்பவம் ஒன்று, சட்டையின் நிறம் ஒன்று. அதனால் அந்த முறை அங்கே செல்லும். அதே முறையை மனிதர்களின் விருப்பத்தின் மீதும் ஏவிவிட்டார்கள். இரண்டிரண்டாகப் பொருள்களைக் காட்டி 'எது பிடிக்கும்?' என்று கேட்கிறார்கள். ஒருவர் முதலாவதை இரண்டாவதைவிடவும், இரண்டாவதை மூன்றாவதைவிடவும், மூன்றாவதை முதலாவதைவிடவும் பிடிக்கும் என்கிறார். உடனே தீர்ப்பு: கோளாறு இவரிடம். கவனிக்காமல் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் யோசிக்கத் தெரியாதவர், இல்லையென்றால் தனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாதவர். திரும்பக் கேள், அல்லது அவர் தாளை ஒதுக்கி வை. பொருளாதாரப் பாடநூலும் மேலாண்மை வகுப்பும் சந்தை ஆய்வு நிறுவனமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகின்றன. வீட்டில் இதையே "உனக்கு ஒரு நிலையான புத்தி கிடையாது" என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள்.

நான் இதை ஏற்கவில்லை. இந்த முரண்களில் பெரும்பகுதி, கேட்கப்பட்ட கேள்வியைப் பற்றிய செய்தி. ஒரே கோட்டில் அடுக்க முடியாதவற்றை அடுக்கச் சொன்னோம் என்பதை அவை சொல்கின்றன. அந்தச் செய்தியைத் துடைத்துவிட்டு ஒரு சுத்தமான தரவரிசையை அச்சிடுகிறவர்தான் உண்மையை மறைக்கிறார்.

எதிர்த் தரப்பின் பெரிய ஆயுதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1955-ல் டொனால்ட் டேவிட்சன், மெக்கின்சி, பாட்ரிக் சப்பீஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை மனிதர் வருகிறார். அவர் முன்னால் மூன்று வேலைகள்: 5,000 டாலர் சம்பளத்தில் பேராசிரியர், 5,500-ல் இணைப் பேராசிரியர், 6,000-ல் உதவிப் பேராசிரியர். ஐந்நூறு டாலர் வித்தியாசம் அவருக்குப் பெரிதில்லை, அதனால் பேராசிரியர் பதவி இணைப் பேராசிரியரைவிட மேல். அதே காரணத்தால் இணைப் பேராசிரியர் பதவி உதவிப் பேராசிரியரைவிட மேல். ஆனால் ஆயிரம் டாலர் என்று வரும்போது மனம் மாறுகிறது. கடைசி வேலை முதல் வேலையைவிட நல்லதாகத் தெரிகிறது. துறைத் தலைவர் விவரமானவர். ஒவ்வொரு முறை மாற்றித் தருவதற்கும் 25 டாலர் கேட்கிறார். நம் ஆள் சுற்றிச் சுற்றி வந்து காசைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பையில் உள்ளதெல்லாம் கரையும் வரை இது நடக்குமாம். ஆகவே வட்டமாக விரும்புவது மடமை என்று நிறுவியாயிற்று.

எழுபது ஆண்டுகளாக இந்தக் கதை வகுப்புகளில் சொல்லப்படுகிறது. இதை நம்பி யாராவது ஒரு கடை திறந்தார்களா? மனிதர்களிடமிருந்து இப்படிக் காசை இறைக்க முடியுமானால், தத்துவப் பேராசிரியர்களுக்கு நூறு வருடம் முன்பே நம் ஜவுளிக்கடைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள். ரங்கநாதன் தெருவில் மூன்றாவது முறை அதே புடவைக்குத் திரும்பி வருகிற அம்மா, மாற்றுக் கட்டணமா கொடுப்பார்? மூன்றையும் ஒன்றாக விரித்துப் போடச் சொல்வார். அந்த நிமிடமே கேள்வி மாறிவிடுகிறது. 'இதுவா அதுவா' என்பது ஒரு கேள்வி. 'இந்த மூன்றில் எது' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இரண்டாவது கேள்விக்கும் ஒருவரைக் கட்டிப்போடும் என்பதைத்தான் இந்தக் கதை நிரூபித்திருக்க வேண்டும். அதை நிரூபிக்காமல், நாம் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறது. தவிர, அந்த மனிதர் சொன்ன மூன்று பதில்களில் எந்தப் பதில் முட்டாள்தனமானது? ஐந்நூறுக்காகப் பதவியை விடமாட்டேன், ஆயிரம் என்றால் விடுவேன். சம்பளத்தில் வாழ்கிற எவரும் சொல்லக்கூடியதுதான்.

இதே அமைப்பை 1969-ல் அமோஸ் ட்வெர்ஸ்கி ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து பந்தயங்கள். ஒவ்வொன்றும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு வட்டம். வட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கருப்பு. கருப்புப் பகுதி ஜெயிக்கும் வாய்ப்பைக் காட்டுகிறது. முதல் பந்தயத்தில் 24-ல் 7 பங்கு, பரிசு 5 டாலர். அடுத்தது 24-ல் 8 பங்கு, 4.75 டாலர். இப்படியே வாய்ப்பு ஒரு பங்கு ஏற, பரிசு கால் டாலர் இறங்கி, கடைசிப் பந்தயம் 24-ல் 11 பங்கு, 4 டாலர். பக்கத்துப் பக்கத்துப் பந்தயங்களை ஒப்பிடும்போது கருப்புப் பகுதியின் வித்தியாசம் வெறும் 15 பாகை. கண்ணுக்கு அது ஒரு பொருட்டில்லை. பரிசோ எண்ணில் எழுதியிருக்கிறது. கால் டாலர் பளிச்சென்று தெரிகிறது. அதனால் பரிசு கூடியதை எடுத்தார்கள். முதலாவதையும் கடைசியையும் எதிரெதிரே வைத்தால் வித்தியாசம் 60 பாகை. இப்போது வாய்ப்பு கண்ணில் அடிக்கிறது. வாய்ப்புக் கூடியதை எடுத்தார்கள். வட்டம் பூர்த்தியாகிவிட்டது. பிறகு விசாரித்தபோது, தாங்கள் அப்படிச் சுற்றி வந்திருக்க வழியே இல்லை என்று சிலர் சாதித்தார்கள்.

இதை மடமைக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பங்கேற்றவர்கள் ஒரு விதியை மாறாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள்: வாய்ப்பில் வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சிறிதானால் பரிசைப் பார், தெரிகிற அளவுக்குப் பெரிதானால் வாய்ப்பைப் பார். விதி நேரானது, விளைவு வட்டம். இப்படி எளிமையாக்கிக்கொள்வது பல இடங்களில் பயனுள்ள குறுக்குவழிதான் என்று ட்வெர்ஸ்கியே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்துக்குப் போவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் போலும்.

வட்டம் வேறு வழியிலும் வரும். அதற்கு நமக்கு நன்றாகப் பழக்கமான விஷயத்தையே எடுத்துக்கொண்டார் கென்னத் மே: வரன் பார்ப்பது. 1954-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 62 கல்லூரி மாணவர்கள். மூன்று கற்பனை வரன்கள். முதல் வரன் மிகுந்த அறிவு, சுமாரான தோற்றம், வசதி உண்டு. இரண்டாவது அறிவு உண்டு, பேரழகு, வசதி இல்லை. மூன்றாவது அறிவு பரவாயில்லை, அழகு உண்டு, பெரும் பணம். இரண்டிரண்டாகக் கேட்டதில் 17 பேர் முதல் வரனை இரண்டாவதைவிடவும், இரண்டாவதை மூன்றாவதைவிடவும், மூன்றாவதை முதலாவதைவிடவும் விரும்பினார்கள். கணக்கு தெரிந்த வாசகர் இங்கே குறுக்கிடுவார்: காசைச் சுண்டி பதில் சொன்னாலும் நால்வரில் ஒருவருக்கு வட்டம் விழுமே, 62-ல் 17 அதற்குக் கிட்டத்தட்டச் சமம்தானே? நியாயமான கேள்வி. ஆனால் காசைச் சுண்டினால் வட்டம் இரண்டு திசைகளிலும் சரிபாதியாக விழும். ஒரு திசைக்கு எட்டுப் பேர்கூடத் தேறமாட்டார்கள். இந்தப் பதினேழு பேரும் சுற்றியது ஒரே திசையில். அந்தத் திசையும் தற்செயலானதல்ல. முதல் வரன் இரண்டாவதை அறிவிலும் பணத்திலும் முந்துகிறது. இரண்டாவது மூன்றாவதை அறிவிலும் அழகிலும் முந்துகிறது. மூன்றாவது முதலாவதை அழகிலும் பணத்திலும் முந்துகிறது. 'மூன்றில் இரண்டு தேறுகிறதா' என்று பார்ப்பவர் இந்தத் திசையில்தான் சுற்றியாக வேண்டும்.

இதில் புதுமை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1785-லேயே கொண்டோர்சே தேர்தல் பற்றி இதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு வாக்காளரும் முரண் இல்லாத வரிசையோடு வந்தாலும் பெரும்பான்மை முடிவு வட்டமாகச் சுற்றலாம். ஒரு சபை அப்படிச் சுற்றினால், 'இது வாக்களிப்பு முறையின் இயல்பு' என்று மரியாதையாக எழுதுகிறோம். ஒரே மனிதருக்குள் அறிவு, அழகு, பணம் என்று மூன்று வாக்காளர்கள் உட்கார்ந்து அதே முடிவுக்கு வந்தால் மட்டும் ஆள் சரியில்லை என்கிறோம். ஜாதகக் கட்டோடு வேலை, குடும்பம், நிறம், ஊர் என்று ஏழெட்டு வாக்காளர்களை வைத்துக்கொண்டு வரன் பார்க்கிற நம் வீடுகளில் முடிவு எட்டப்படுவதே அதிசயம். அது பெரும்பாலும் யாரோ ஒரு பெரியப்பா மேஜையைத் தட்டுவதால் எட்டப்படுகிறது.

இதுவரை சொன்னது சுற்றி வருகிற முரண். தள்ளாடுகிற முரண் ஒன்றும் இருக்கிறது: அதே இரண்டைக் காலையில் கேட்டால் ஒரு பதில், மாலையில் கேட்டால் மறு பதில். இதைத்தான் எல்லோரும் வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகிறார்கள். கண்ணுக்குப் பவர் பார்க்கப் போனவர்களுக்கு இந்த இரைச்சலின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிகளைச் செருகி, "இது நல்லாத் தெரியுதா... இப்ப, இது நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். முதல் ஏழெட்டுக் கேள்விகளுக்கு டக் டக்கென்று பதில் வரும். பிறகு தடுமாற்றம் தொடங்கும். முன்னால் சொன்னதற்கு மாறாகச் சொல்லிவிட்டோமோ என்று பரீட்சை எழுதுகிற பயம் வரும். "சார், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்வோம். பரிசோதிக்கிறவர் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். சிலிண்டர் பவர் பார்க்கும்போது கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கலாகத் தெரிகிற இடம்தான் அந்தச் சோதனையின் முடிவு. பதில் தள்ளாடுவது எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் நம் பவர் இருக்கிறது. 'முரணாகப் பேசுகிறார், விடைகளை நீக்கு' என்று அந்த அறையில் யாராவது சொன்னால் நாடு முழுக்கத் தவறான கண்ணாடியோடு திரியும்.

உளவியலில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். டங்கன் லூஸ் 1956-ல் காபியை வைத்து விளக்கினார். ஒரு கட்டிச் சர்க்கரை போட்ட கோப்பையில் தொடங்கி, கட்டியின் நூறில் ஒரு பங்காக ஏற்றிக்கொண்டே போய், ஐந்து கட்டி வரை 401 கோப்பைகள். அடுத்தடுத்த கோப்பைகளுக்கு இடையே எவருக்கும் வித்தியாசம் தெரியாது. 'ஒன்றுதான், ஒன்றுதான்' என்று நானூறு முறை சொன்னவர், முதல் கோப்பையையும் கடைசிக் கோப்பையையும் குடித்ததும் முகத்தைச் சுளிப்பார். அவர் எங்கே பொய் சொன்னார்? இரண்டு ஆண்டு கழித்து கிளைட் கூம்ப்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சாம்பல் நிறத் துண்டுகளைக் காட்டி, மனத்தில் உள்ள சாம்பலுக்கு எது நெருக்கம் என்று கேட்டார். மனத்திலுள்ள நிறத்துக்கு ஒரே பக்கத்தில் இரண்டு துண்டும் இருந்தால் பதில் உறுதியாக வந்தது. ஒன்று அதைவிடக் கருமையாகவும் மற்றது வெளிறியும் இருந்தால் பதில் ஆடியது. ஆட்டம் எங்கே கூடும் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. முன்கூட்டிச் சொல்லக்கூடியதை இரைச்சல் என்று எப்படி ஒதுக்குவது?

என் கோபம் முழுவதும் திரும்புவது ஒரு சூத்திரத்தின் பக்கம். பொறியியல், மேலாண்மை, புவியியல் துறைகளில் ஆய்வேடு எழுதியவர்களுக்கு ஏ.எச்.பி. என்ற மூன்றெழுத்து தெரியாமல் இருக்காது. பின்னாளில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் சாட்டி எழுபதுகளில் உருவாக்கிய முறை. குப்பைக் கிடங்குக்கு இடம் தேடுவது முதல் நிலத்தடி நீர் வாய்ப்பைக் கணிப்பது வரை இங்கே எல்லாவற்றுக்கும் அதுதான். அம்சங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். சமம் என்றால் 1, சற்றுக் கூடுதல் முக்கியம் என்றால் 3, வலுவாகக் கூடுதல் என்றால் 5, உச்சம் 9. கடைசியில் சி.ஆர். என்று ஒரு முரண் விகிதம் வரும். அது 0.1-க்கு மேல் போனால் தீர்ப்புகள் ஒத்துவரவில்லை, திருத்து என்பது விதி.

ஒரு ஊராட்சி உறுப்பினரிடம் கேட்கிறோம் என்று வையுங்கள். சாலையைவிடக் குடிநீர் சற்றுக் கூடுதல் முக்கியம் என்கிறார்: 3. தெருவிளக்கைவிடச் சாலை சற்றுக் கூடுதல்: 3. தெருவிளக்கைவிடக் குடிநீர்? யோசித்துவிட்டு, அதுவும் சற்றுக் கூடுதல்தான் என்கிறார்: 3. வட்டம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. குடிநீர், சாலை, தெருவிளக்கு என்று தெளிவான வரிசை. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 0.117 வருகிறது. ஃபெயில். மூன்றை மூன்றால் பெருக்கி ஒன்பது என்று அவர் சொல்லியிருக்க வேண்டுமாம். 'சற்று' இரண்டு முறை சேர்ந்தால் 'உச்சம்' ஆகிவிட வேண்டுமாம். அடுத்த காட்சியை எந்தக் கல்லூரியிலும் கேட்கலாம். "சார், சி.ஆர். உள்ளே வரல." "குடிநீர்-லைட் எவ்வளவு போட்டே? மூணா? அஞ்சாக்கிப் பாரும்மா." ஐந்தாக்கினால் 0.03. பாஸ். உறுப்பினரிடம் யாரும் திரும்பிப் போகவில்லை. அவர் பெயரில் அவர் சொல்லாத பதில் ஆய்வேட்டில் ஏறிவிட்டது, 'வல்லுநர் கருத்து' என்ற தலைப்பின் கீழ்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஏழு அம்சங்களை ஒப்பிடுகிற ஒருவர் மற்ற எல்லா எண்களையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள மூன்று அம்சங்களை மட்டும் 2, 2, 2 என்று வட்டமாகச் சுற்றிவிட்டால் விகிதம் 0.06-ஐத் தாண்டாது. சுத்தமான வட்டம், சூத்திரத்தின் கண்ணில் படாமல் உள்ளே போய்விடுகிறது. ஒழுங்காக வரிசைப்படுத்தியவரைத் தடுத்து, சுற்றி வந்தவரை அனுமதிக்கிற இந்த வாயிற்காவலரை நம்பித்தான் 'முரண் இல்லை என்று உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதுகிறார்கள்.

எல்லா முரணையும் நான் கொண்டாடச் சொல்லவில்லை. காலையில் 62 மதிப்பெண் போட்ட விடைத்தாளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு 48 போடுகிற திருத்துநரிடம் 'உங்கள் தள்ளாட்டம் ஒரு செய்தி' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரே குற்றத்துக்கு ஒரு நாள் அபராதமும் மறுநாள் சிறையும் விதிக்கிற நீதிபதியிடமும் அப்படித்தான். அங்கே இன்னொருவருக்கு உரியதைக் கொடுக்கும் பொறுப்பு இருக்கிறது. அளவுகோலை முன்கூட்டியே அறிவித்தாகிவிட்டது. தனக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வந்தவருக்கு அப்படி ஒரு பொறுப்பு எதுவும் இல்லை. கவனமின்மையும் உண்டுதான், நாற்பதாவது கேள்வியில் எவரும் அலுத்துப்போவார்கள். அதற்கு மருந்து கேள்விகளைக் குறைப்பது.

எதிர்த் தரப்பிடம் இன்னொரு சீட்டும் இருக்கிறது. 2011-ல் மைக்கேல் ரெகன்வெட்டரும் இரு சகாக்களும் பழைய தரவுகளை மறுபடி அலசி, வட்டங்கள் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை வேறு விதமாக விளக்கலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு கணத்திலும் மனிதர் ஒரு சீரான வரிசையோடு இருக்கிறார், ஆனால் அந்த வரிசை கணத்துக்குக் கணம் மாறுகிறது என்பது அவர்கள் விளக்கம். ட்வெர்ஸ்கி தன் முக்கிய ஆய்வுக்கு 18 பேரில் வட்டமாகச் சுற்றக்கூடிய 8 பேரைப் பொறுக்கி எடுத்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. உண்மையான வட்டங்கள் எத்தனை என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ரெகன்வெட்டர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். "பார்த்தீர்களா, மனிதர்கள் சீரானவர்கள்தான்" என்று இதை வைத்துத் துள்ளுகிறவர்கள் காப்பாற்றியது எதை? ஒரே மனிதருக்குள் பல வரிசைகள். அவற்றில் எதை 'அவருடைய உண்மையான விருப்பம்' என்று அச்சிடுவீர்கள்? சராசரியையா? அந்தச் சராசரியை அவர் எந்தக் கணத்திலும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தக் கேள்வி இப்போது ஆய்வேடுகளோடு நிற்பதில்லை. உரையாடும் கணினி நிரல்களைப் பழக்குவதற்கு, இரண்டு பதில்களைக் காட்டி எது மேல் என்று மனிதர்களிடம் கேட்கிறார்கள். 2022-ல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் வெளியிட்ட கட்டுரையின்படி அப்படி மதிப்பிட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனது சுமார் 73 சதவீதம். மீதி எங்கே போயிற்று? இந்தத் தீர்ப்புகளை எண்ணாக மாற்றப் பெரும்பாலும் பயன்படுவது 1952-ல் பிராட்லி, டெர்ரி இருவரும் தந்த மாதிரி. அதில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே ஒரு மதிப்பெண். எல்லாம் ஒரே கோட்டில். சுருக்கமான பதிலை விரும்புகிறவரும் விளக்கமான பதிலை விரும்புகிறவரும் அடித்துக்கொண்ட இடம் அங்கே வெறும் தேய்மானமாகக் கரைகிறது. வட்டம் என்ற ஒன்றை அந்த மாதிரியால் எழுதவே முடியாது.

எழுத வழியில்லாமல் இல்லை. மாரிஸ் கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் 1940-லேயே வட்ட மும்மைகளை எண்ணும் முறையைக் கொடுத்துவிட்டார்கள். ஏழு பொருள் என்றால் 21 ஜோடி, 35 மும்மை. அவற்றில் அதிகபட்சம் 14 வட்டமாகலாம்; காசைச் சுண்டியே பதில் சொன்னால் சராசரியாக 8.75 வரும். ஒருவர் விடைகளில் இரண்டே வட்டம் இருந்து, இரண்டிலும் அதே ஒரு பொருள் மாட்டிக்கொண்டிருந்தால், ஆய்வாளர் அடுத்து அந்தப் பொருளைப் பற்றித்தான் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். வட்டம் எத்தனை, எந்த மூன்றுக்கு இடையில், எந்த ஜோடியை மறுபடி கேட்டபோது பதில் மாறியது என்று தரவரிசைக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம். வட்டங்களை எண்ண 21 விடைகளும் ஒரு பென்சிலும் போதும். பின்னிணைப்பில் அரைப் பக்கத்துக்கு மேல் பிடிக்காது.